கோழியின் கால் நோவைக் கண்டறிந்து ஆற்றும் முறை

கோழி விழித்திருக்கும் நேரமெல்லாம் நிற்பதிலும் நடப்பதிலும் மண்ணைக் கிளறுவதிலும் கழிகிறது. உறங்கும்போதும் அது கால்களை நீட்டிப் படுப்பதில்லை. கட்டையை விரல்களால் பற்றியபடி, மடித்த கால்களின் மேலேயே அமர்ந்து உறங்குகிறது. ஆகவே பாதத்தில் ஏற்படும் சிறு கீறலுக்குக்கூட ஆறுவதற்கான ஓய்வு எளிதில் கிடைப்பதில்லை. இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினங்கள் பலவற்றைப் போலக் கோழியும் தன் வலியை இயன்றவரை மறைத்துக்கொள்கிறது. அது வெளிப்படையாக நொண்டத் தொடங்கும் நாளில் நோவு பெரும்பாலும் முற்றியிருக்கும். நொண்டும்வரை காத்திராமல், நன்றாக நடமாடும் கோழியின் பாதத்தையும் முறையாகப் புரட்டிப் பார்ப்பவரே இந்நோவுகளை எளிதாக ஆற்ற முடியும். பாதத்தில் குறை ஒன்றைக் கண்டால், மருந்தை எடுக்கும் முன் அந்தப் பாதம் நிற்கும் தரையையும் அமரும் கட்டையையும் ஆராய வேண்டும். வீட்டுக் கோழிகளின் கால் நோவுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன.

பாதத்தைப் பார்க்கும் விதம்

பகலில் கோழியைத் துரத்திப் பிடிப்பதைவிட, இருட்டிய பின் கட்டையில் அமர்ந்திருக்கும்போது மங்கிய வெளிச்சத்தில் மெதுவாகத் தூக்கி எடுப்பதே நல்லது. இருளில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவாதலால் அது அதிகம் மிரளாது. இரு இறக்கைகளையும் உடலோடு அணைத்து, தேவையானால் ஒரு துண்டால் தளர்வாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்திப் பிடிக்கவே கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானத் தசை கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பும் விலா எலும்புகளும் தடையின்றி அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். மல்லாத்திப் பிடித்தால் உள்ளங்கால் நன்றாகத் தெரியும் என்பது உண்மையே. ஆயினும் நீண்ட நேரம் அப்படி வைத்திருப்பது மூச்சுத் திணறலை உண்டாக்கும் என்பதால், ஒருவர் கோழியை நிமிர்ந்த நிலையில் அணைத்துக்கொள்ள மற்றொருவர் காலைப் பின்புறமாக மடக்கிப் பார்ப்பது பாதுகாப்பானது.

முதலில் இரண்டு பாதங்களையும் கையில் பற்றி அவற்றின் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகச் சுடுமானால் அங்கே அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு உள்ளங்காலின் நடு மெத்தை, ஒவ்வொரு விரலின் அடிப்பகுதி, விரல்களுக்கு இடையிலான மடிப்பு, நகங்கள், கால் தண்டின் செதில்கள் என்று வரிசையாகப் பார்த்து வர வேண்டும். சேறோ எச்சமோ ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். உள்ளங்காலில் ஒட்டிய காய்ந்த எச்சம் கருத்த பொருக்கைப் போலவே தோன்றும். உடல் கனத்த இனங்களையும் வயதான கோழிகளையும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. இலேசான உடலும் இளம் வயதும் உடையவற்றுக்கு அதைவிடச் சற்று நீண்ட இடைவெளி போதும்.

எது இயல்பானது என்று தெரிந்தால்தான் எது நோய் என்பது தெரியும். பெரும்பாலான கோழி இனங்களுக்குக் காலுக்கு நான்கு விரல்கள். சில்கி, டார்க்கிங், ஃபாவரோல் போன்ற சில இனங்களுக்கு ஐந்து விரல்கள் இருப்பது இயல்பே. மஞ்சள் கால் கொண்ட பெட்டைக்கோழி தொடர்ந்து முட்டையிடும் காலத்தில் அதன் கால்கள் வெளிறிப் போகும். தீவனத்திலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறமி மஞ்சள் கருவுக்குச் செல்வதே அதற்குக் காரணம். முட்டையிடுவது நின்ற பிறகு நிறம் மெல்லத் திரும்பிவிடும். சேவலுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கும் கால்முள், வயதான பெட்டைக்கோழிகள் சிலவற்றிலும் முளைப்பதுண்டு. இவற்றுக்கு எந்த மருத்துவமும் தேவையில்லை.

பாதக்கட்டி

வீட்டுக் கோழிகளின் கால் நோவுகளில் அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. உள்ளங்காலின் நடு மெத்தையிலோ விரலின் அடியிலோ ஏற்படும் சிறு காயத்தின் வழியே கிருமி நுழைந்து உள்ளே கட்டியாகத் திரள்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணமாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. இது ஆரோக்கியமான கோழிகளின் தோலிலும் அவை வாழும் இடத்திலும் பரவலாகக் காணப்படுவதால், இதை அடியோடு ஒழிப்பது நடக்கக்கூடியதன்று. அது உள்ளே நுழையும் வாசலை அடைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

தொடக்கத்தில் உள்ளங்காலின் ஒரு சிறு பகுதி சிவந்து, அங்குள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் தேய்ந்து, தோல் பளபளப்பாகத் தெரியும். அப்போது கோழி சிறிதும் நொண்டாது. அடுத்து அந்த இடத்தில் கருத்த அல்லது பழுப்பான பொருக்கு கட்டுகிறது. சுற்றிலும் தோல் தடிக்கிறது. அதையும் விட்டுவிட்டால் பாதம் வீங்கி விரல்கள் விலகி நிற்கும், கோழி அந்தக் காலைத் தூக்கியே வைத்திருக்கும், கட்டையேற மறுக்கும். கடைசி நிலையில் நோய் தசைநாண்களுக்கும் மூட்டுகளுக்கும் எலும்புக்கும் பரவுகிறது. அந்நிலையிலிருந்து முழுமையாக மீள்வது அரிது.

மருத்துவ முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். பாலூட்டிகளின் சீழ் நீர்மமாக இருப்பதற்கு அவற்றின் வெள்ளணுக்களில் உள்ள நொதிகள் காரணம். பறவைகளின் வெள்ளணுக்களில் அந்த நொதிகளில் சில இல்லாததால் அவற்றின் சீழ் பாலாடைக்கட்டியைப் போல இறுகித் திரண்டுவிடுகிறது. ஆகவே கோழியின் பாதக்கட்டியைப் பிதுக்கினால் சீழ் வெளியே வழியாது. பிதுக்கும் அழுத்தம் கிருமியைப் பக்கத்துத் திசுக்களுக்குள் தள்ளி, ஓரிடத்தில் அடங்கியிருந்த நோயைப் பரப்பிவிடும். பாதக்கட்டியைப் பிதுக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தோல் சிவந்து மட்டும் இருக்கும் நிலையில் கத்திக்கும் கட்டுக்கும் வேலையில்லை. பாதத்தைக் கழுவி உலர்த்தி, நீர்த்த பொவிடோன் அயோடின் கரைசலையோ குளோர்ஹெக்சிடின் கரைசலையோ தடவி, கோழியை உலர்ந்த மெத்தென்ற கூளத்தின் மேல் விட்டு, தரையிலும் கட்டையிலும் உள்ள குறையைச் சரிசெய்தால் தோல் தானாகவே தேறிவிடும். பொவிடோன் அயோடினை வெளிர்ந்த தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்து நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும். செறிவாகப் பயன்படுத்தினால் புதிதாக வளரும் திசுவையும் அது சிதைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றும் பழக்கத்தையும் இதே காரணத்தால் கைவிட வேண்டும்.

பொருக்கு கட்டிவிட்டால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து, அதில் பாதத்தை 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். அந்த நீரைக் கோழி குடிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். எப்சம் உப்பு வயிற்றைப் போகச் செய்யும். சில நாள்கள் தொடர்ந்து ஊறவைத்த பின் பொருக்கின் ஓரம் இளகும். முனை மழுங்கிய இடுக்கியால் அந்த ஓரத்தை மெதுவாக உயர்த்திப் பார்க்கும்போது பொருக்கும் அதன் அடியில் ஒட்டிய சிறு சீழ்க்கட்டியும் சேர்ந்து எளிதாக வந்துவிட்டால் மகிழ்ச்சி; வராவிட்டால் அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இரத்தம் கசியுமளவுக்கு இழுப்பது புதிய காயத்தை உண்டாக்குவதாகும். வெளிப்பட்ட குழியை, கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்த்த கரைசலால் கழுவி, கிருமிநாசினி தடவிக் கட்டுப்போட வேண்டும். இந்த வேலை முழுவதையும் கையுறை அணிந்தே செய்யுங்கள். மேற்சொன்ன பாக்டீரியா மனிதர்களின் காயங்களிலும் புகக்கூடியது.

கட்டுப்போடுவது எளிய வேலை. என்றாலும் தவறாகப் போட்ட கட்டு நோயைவிட அதிகத் தீங்கு செய்யும். காயத்தின் மேல் ஒட்டாத வகை காஸ் துண்டை வைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியை ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். கால் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பாதத்தின் மேற்புறமாகக் கொண்டு வந்து, முன் விரல்கள் இரண்டின் நடுவே இறக்கி, உள்ளங்காலின் குறுக்கே எடுத்துச் சென்று, மீண்டும் தண்டுக்கு ஏற்றி, அடுத்த விரலிடைவெளி வழியாக அதையே திரும்பச் செய்ய வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். கட்டுத்துணியை இழுத்துச் சுற்றக் கூடாது. தானாகப் படியும் அளவு தளர்வே போதும். ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். அவை குளிர்ந்தோ வீங்கியோ நிறம் மாறியோ இருந்தால் உடனே கட்டை அவிழ்த்து மறுபடியும் போட வேண்டும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்ற வேண்டும். நனைந்தாலோ எச்சம் படிந்தாலோ அப்போதே மாற்ற வேண்டும்.

பாதம் வீங்கி, கட்டி ஆழமாக இருப்பது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை. வீட்டிலேயே கத்தியால் கீறிச் சீழ்க்கட்டியைத் தோண்டி எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. மரத்துப்போகச் செய்யாமல் அறுப்பது கோழிக்குக் கொடிய வலி. பாதத்தின் அடியில் இரத்தக் குழாய்களும், விரல்களை மடக்கும் தசைநாண்களும் மிக நெருக்கமாக ஓடுகின்றன. அந்தத் தசைநாண் ஒன்று அறுபட்டால் அந்த விரல் பிறகு கட்டையைப் பற்றாது. கோழியின் வலியைக் குறைக்கவும், தேவைப்பட்டால் எந்த நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யும் என்பதைச் சோதித்தறியவும், எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கவும் மருத்துவரால் முடியும். மருத்துவர் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டால், அதுவரை ஊறவைத்தலையும் சுத்தமாகக் கட்டுப்போடுவதையும் மெத்தென்ற தரையையும் விடாமல் தொடர்வது கத்தியைவிட நல்ல உதவி. ஆழமான பாதக்கட்டி ஆறுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

தரையும் கட்டையும்

ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று கோழிகளுக்குப் பாதக்கட்டி வந்தால், அவற்றுக்குப் பொதுவான காரணம் கூண்டுக்குள்தான் இருக்கிறது. அமரும் கட்டையிலிருந்து தேடலைத் தொடங்கலாம். கட்டை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமும், கூர் மழுக்கப்பட்ட ஓரங்களும், வழவழப்பும் இல்லாமல் சிலாம்பும் இல்லாமல் உள்ள மேற்பரப்பும் உடையதாக இருக்க வேண்டும். உலோகக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்குவதால் கோழி இரவு முழுவதும் விரல்களை இறுக்கியே அமர வேண்டியிருக்கிறது. கனத்த இனங்களுக்குக் கட்டையின் உயரம் 45 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருப்பது போதும். மேலிருந்து குதிக்கும் ஒவ்வொரு காலையிலும் முழு எடையும் உள்ளங்காலில் மோதுகிறது. அந்த மோதல்தான் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகிறது. உயரத்தைக் குறைக்க முடியாவிட்டால் இறங்குவதற்கு ஒரு சாய்பலகையை வையுங்கள். கோழி இறங்கும் இடத்தில் கூளத்தை அதிகக் கனமாகப் பரப்புங்கள்.

கூளத்தின் ஈரம் அடுத்த காரணம். ஒரு பிடி கூளத்தை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறக்கும்போது அது உதிர்ந்து விழுந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. ஈரக் கூளத்தில் எச்சம் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து உள்ளங்கால் தோலை ஊறவைத்து இளக்கிவிடுகின்றன. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடமே பெரும்பாலும் இப்படிக் கெடும் என்பதால், பாத்திரத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி வைப்பதும் அவ்விடத்துக் கூளத்தை அடிக்கடி மாற்றுவதும் நல்ல பலனைத் தரும். கம்பிவலைத் தரை, கூரிய சரளைக் கற்கள், முள் நிறைந்த சுள்ளிகள், வெறும் சிமெண்டுத் தளம் ஆகியவையும் பாதத்துக்குப் பகை.

தீவனமும் இதில் பங்கு வகிக்கிறது. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் தோல் வலுவிழக்கும். பயோட்டின் குறைந்தால் உள்ளங்கால் தடித்து வெடிக்கும். சமச்சீரான கோழித்தீவனத்தையே முதன்மை உணவாகக் கொடுத்து வந்தால் இக்குறைகள் அரிதாகவே ஏற்படும். தானியங்களையும் தின்பண்டங்களையும் அள்ளிப் போடுவதால் இரண்டு கேடுகள் விளைகின்றன: சத்துகளின் விகிதம் கெடுகிறது, கோழியும் கொழுத்துவிடுகிறது. கொழுத்த கோழியின் பாதம் அதன் எடையைத் தாங்க முடியாமல் நோகிறது.

செதில் உண்ணி

கால் தண்டின் செதில்கள் படிந்து கிடக்காமல் தூக்கி நிற்பதையும், அவற்றின் அடியிலிருந்து சாம்பல் வெள்ளையான பொடியும் பொருக்கும் வெளிப்படுவதையும், கால் தடித்து உருமாறுவதையும் கண்டால் அது பெரும்பாலும் நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணிய உண்ணியின் வேலை. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இந்த உண்ணி செதில்களின் அடியில் சுரங்கம் தோண்டி, தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் காலிலேயே கழிக்கிறது. ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்கு நெருங்கிப் பழகுவதாலும் பொதுவான கட்டையாலும் பரவுகிறது. காலில் இறகு உள்ள இனங்களிலும் வயதான கோழிகளிலும் இது அதிகம். கவனிக்காமல் விட்டால் கோழி நடக்க முடியாமல் போவதோடு விரல்களை இழப்பதும் உண்டு.

இதற்கு வீட்டு மருத்துவமே பெரும்பாலும் போதும். ஆனால் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கால்களை ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் மேலிருந்து கீழாக, அதாவது செதில் படியும் திசையில், இலேசாகத் தேய்த்து உதிரக்கூடியதை மட்டும் உதிர்க்க வேண்டும். செதிலைப் பிய்த்தெடுத்தால் இரத்தம் வரும். அங்கே கிருமி புகும். காலை உலர்த்திய பின் முழங்கால் போலத் தோன்றும் மூட்டிலிருந்து விரல் நுனிவரை பெட்ரோலியம் ஜெல்லியையோ தாவர எண்ணெயையோ செதில்களின் இடுக்குகளில் புகும்படி தாராளமாகத் தடவ வேண்டும். இது உண்ணியை மூச்சடைக்கச் செய்கிறது. செதில்களின் அடியில் புதிய உண்ணிகள் தோன்றிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை தடவினால் தீராது. சில நாள்களுக்கு ஒருமுறையாகப் பல வாரங்கள் தொடர வேண்டும். மண்ணெண்ணெய், டீசல், வாகன எண்ணெய் ஆகியவற்றில் காலை முக்கும் பழைய வழக்கம் தோலை எரித்துப் புண்ணாக்கும். அதை எந்நிலையிலும் செய்யக் கூடாது. நோய் முற்றியிருந்தால் ஐவர்மெக்டின் போன்ற மருந்தை மருத்துவர் அளவு குறித்துக் கொடுப்பார்.

அறிகுறி தெரியும் கோழிக்கு மட்டும் அல்லாமல் அதனுடன் அடையும் எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்திட வேண்டும். கட்டைகளையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து பலிக்கவில்லையோ என்று பலர் மனந்தளர்வது இந்த நோயில்தான். உண்ணி செத்த பிறகும் உருமாறிய செதில்கள் உடனே சீராவதில்லை. பழைய செதில் உதிர்ந்து புதியது வளர்வதற்குப் பல மாதங்கள் ஆகும். புதிதாகப் பொடி உதிராமலும் வீக்கம் குறைந்தும் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

நகம், விரல், கால்முள்

நகம் முறிந்து இரத்தம் வடிந்தால், சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடித்து, சோளமாவையோ இரத்தத்தை உறைய வைக்கும் பொடியையோ அழுத்தி அப்பினால் நின்றுவிடும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால், காயம் காயும்வரை அதைத் தனியே வைக்க வேண்டும். கிளறுவதற்குப் போதிய இடமில்லாத கோழிகளின் நகங்கள் தேயாமல் நீண்டு வளைந்துவிடும். வெளிர்நிற நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்புப் பகுதி கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்னதாக வெட்ட வேண்டும். கருநிற நகத்தில் அது தெரியாது. ஆகவே நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சீவி, வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான புள்ளி போலத் தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். சேவலின் கால்முள்ளுக்கும் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குவதே போதும். முள்ளை முறுக்கிக் கழற்றும் முறை தேவையற்ற வலியையும் இரத்தப் போக்கையும் உண்டாக்குகிறது.

நூல், தலைமுடி, மீன்பிடி நரம்பு போன்றவை விரலைச் சுற்றி இறுகுவது வீட்டுக் கோழிகளுக்கு அடிக்கடி நேரும் விபத்து. விரல் வீங்கிய பின் நூல் சதைக்குள் புதைந்துவிடுவதால் மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் வீக்கமாகவே தோன்றும். ஒரு விரல் மட்டும் வீங்கி, அதன் அடியில் மோதிரம் போட்டது போன்ற பள்ளம் இருந்தால் பூதக்கண்ணாடியால் பார்த்து, நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் நூலை ஒவ்வோர் இழையாக வெட்டி எடுக்க வேண்டும். விரல் நுனிகளில் சேறும் எச்சமும் உருண்டையாகக் காய்ந்து இறுகுவதும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அந்த உருண்டையை உடைத்தோ இழுத்தோ எடுத்தால் நகமும் சேர்ந்து பெயர்ந்து வரும். நீரில் நன்றாக ஊறவைத்து, தானே கரைந்து விழும்வரை காத்திருக்க வேண்டும்.

முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, இடையில் மெல்லிய பஞ்சு வைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குத் தளர்வாகக் கட்டி வைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். எலும்பு வெளியே தெரிந்தாலோ விரல் குளிர்ந்து கருத்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடுங்குளிர்ப் பகுதிகளில் விரல்கள் உறைந்துபோவதும் உண்டு. அப்போது விரல்களைத் தேய்க்காமல், நெருப்பருகே காட்டாமல், வெதுவெதுப்பான நீரால் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கருத்துப்போன நுனியை வெட்டக் கூடாது. அடியில் உள்ள உயிர்த்திசுவைக் காத்தபடி அது தானே உலர்ந்து உதிரும்.

குஞ்சுகளின் கால்கள்

குஞ்சுகளின் கால் குறைகளில் நாள் கணக்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பொரித்த முதல் சில நாள்களில் எலும்பும் தசைநாணும் மிக இளகியவை. அப்போது செய்யும் சிறு உதவி, ஒரு வாரம் கழித்துச் செய்யும் பெரு முயற்சியைவிடப் பயன் தரும்.

கால்கள் இரு பக்கமும் விலகிச் சரியும் குஞ்சுக்குப் பெரும்பாலும் வழுக்கும் தரையே காரணம். செய்தித்தாளைத் தரையில் விரிப்பதைத் தவிர்த்து, சுருக்கம் உள்ள துணியையோ ரப்பர் விரிப்பையோ பயன்படுத்த வேண்டும். சரிந்த கால்கள் இரண்டையும் இயல்பான இடைவெளியில் நிறுத்தி, ஒட்டுக்கட்டால் தளர்வான கால்தளை போட்டு, நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டி வந்தால் சில நாள்களில் குஞ்சு தானே நிற்கும். விரல்கள் பக்கவாட்டில் வளைந்திருந்தால், பாதத்தின் அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டையின் மேல் விரல்களை நேராகப் பரப்பி, மென்மையான ஒட்டுப்பட்டையால் பதித்து, இரண்டு மூன்று நாள்கள் வைத்திருக்கலாம். இத்தகைய வளைவு அடைகாக்கும்போது ஏற்பட்ட வெப்பக் குறைபாட்டாலோ மரபாலோ வருவது. நன்றாக நடக்கிறதென்றால் அதை அப்படியே விட்டாலும் குற்றமில்லை. ஆனால் மரபுக் குறையாக இருக்கக்கூடும் என்பதால் அக்கோழியை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

விரல்கள் உட்புறமாக முஷ்டி பிடித்ததைப் போலச் சுருண்டு, குஞ்சு கணுக்கால் மூட்டால் நகர்ந்து செல்லுமானால் அது வேறு நோய். ரைபோஃபிளேவின் எனப்படும் உயிர்ச்சத்து பி2 குறைவதால் காலுக்குச் செல்லும் நரம்பு வீங்கிச் செயலிழப்பதே இதற்குக் காரணம். இதற்கு அட்டையும் கட்டும் பயன்படா. குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3.6 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் தேவை. பழைய தீவனத்திலும், வெறும் நொய்யும் தானியமும் தரும் இடங்களிலும் இது குறைகிறது. அறிகுறி தெரிந்த உடனேயே பி கூட்டு உயிர்ச்சத்தைக் குடிநீரில் கொடுத்துத் தரமான குஞ்சுத் தீவனத்துக்கு மாறினால் பல குஞ்சுகள் தேறும். நரம்பின் சிதைவு முற்றிவிட்டால் எந்த மருந்தும் அதைத் திருப்பாது. கணுக்கால் மூட்டு தட்டையாக வீங்கி, பின்புறத் தசைநாண் பக்கத்துக்கு நழுவியிருப்பது மாங்கனீசு, கோலின், பயோட்டின் போன்றவற்றின் குறைவால் நேர்வது. நழுவிய தசைநாணைச் சில மணி நேரத்துக்குள் மருத்துவரால் திரும்ப அமர்த்த முடிந்தால் மட்டுமே நல்ல பலனை எதிர்பார்க்கலாம்.

பாதத்தில் தெரிந்தாலும் பாதத்து நோய் அல்லாதவை

நொண்டும் கோழியின் பாதத்தில் குறை ஒன்றும் காணப்படாவிட்டால் மேலே தேட வேண்டும். ஒரு கால் முன்னும் மற்றொரு கால் பின்னுமாக நீண்டு விழுந்து கிடக்கும் இளங்கோழிக்கு மேரக்ஸ் நோய் இருக்கக்கூடும். அது வைரஸால் வருவது; அதற்கு மருந்தில்லை; பொரித்த முதல் நாளிலேயே போடப்படும் தடுப்பூசி ஒன்றே காப்பு. முட்டை தடைபட்ட பெட்டைக்கோழியும் கால் நரம்பு அழுத்தப்படுவதால் நொண்டும். கணுக்கால் மூட்டும் பாத மெத்தையும் சேர்ந்து வீங்கி, கூட்டத்தில் பல கோழிகள் நொண்டினால் மைக்கோபிளாஸ்மா சைனோவியே போன்ற தொற்றை ஐயுற வேண்டும். விரல் மூட்டுகளில் வெண்ணிறப் படிவத்துடன் முடிச்சுகள் தோன்றுவது சிறுநீரகம் கெட்டதால் வரும் கீல்வாதமாக இருக்கலாம். முட்டையிடாத இளங்கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுப்பது அச்சிறுநீரகக் கேட்டுக்கு ஒரு காரணம்.

கால் தண்டிலும் பாதத்திலும் திட்டுத்திட்டாகச் செந்நீல நிறத்தில் இரத்தக்கசிவு தெரிந்து, அத்துடன் கொண்டை நீலம் பாரித்து, கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கினால் பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அந்நிலையில் கோழிகளைத் தொடுவதையும் இடம் மாற்றுவதையும் நிறுத்திவிட்டுக் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

தனியே வைத்துப் பேணுதல்

காலில் கட்டுடன் இருக்கும் கோழியைக் கூட்டத்தோடு விட்டால் மற்றவை கட்டைக் கொத்தி அவிழ்த்துவிடும். அதே நேரத்தில், முற்றிலும் தனிமையில் வைத்த கோழி தீனி எடுக்காமல் சோர்ந்துபோகும். பல நாள்கள் கழித்துத் திரும்பும்போது கூட்டம் அதை அந்நியனாகவே நடத்தும். ஆகவே கூண்டின் ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்து, மற்றக் கோழிகளைப் பார்க்கவும் கேட்கவும் முடிகிற இடத்தில் வைப்பதே சிறந்தது. அங்கே உயரமான கட்டை வேண்டாம். கனமாகப் பரப்பிய உலர்ந்த கூளமும், எட்டும் தூரத்தில் தண்ணீரும் தீவனமும் போதும்.

மனிதருக்கான வலி மருந்துகளைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. பறவைகளுக்குப் பொருந்தும் மெலாக்சிகாம் போன்றவற்றை உடல் எடைக்கேற்ற அளவில் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். பெயர் ‘கெய்ன்’ என்று முடியும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் கலந்த களிம்புகளையும் மருத்துவர் சொல்லாமல் தடவக் கூடாது. சிறிய உடலில் அவை எளிதில் மிகையாகி நஞ்சாகின்றன. நுண்ணுயிர்க்கொல்லியோ உண்ணி மருந்தோ கொடுக்கப்பட்டால், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள்களுக்கு உண்ணக் கூடாது என்பதை அப்போதே கேட்டுக் குறித்து வைத்து, அந்நாள்கள் முடியும்வரை அக்கோழியின் முட்டைகளைத் தனியே பிரித்து அழித்துவிட வேண்டும்.